துடைத்த தரையில் ஈரக்கால்

“துடைச்சு முடிச்சு மூச்சுகூட விடல. அதுக்குள்ள யாருடா ஈரக்காலோட நடந்தது?”

குளியலறையிலிருந்து படுக்கையறை வரை தடங்கள். அம்மா மாப்போடு நின்றாள்.

“நான் இன்னும் குளிக்கவே இல்லம்மா,” என்றான் மகன்.

“புளுகாதே. இன்னைக்கு உனக்கு மேட்ச் கிடையாது. தரையைத் துடை!”

படுக்கையறையிலிருந்து அவனுடைய இரட்டைச் சகோதரி குரல் கொடுத்தாள். “நான்தாம்மா நடந்தேன்.”

“கூடப் பிறந்தவனுக்கு வக்காலத்தா? உன் தடம் எனக்குத் தெரியாதா? இஸ்திரிப் பெட்டி வச்ச மாதிரி முழுசா விழும். இதுல நடுவுல வளைவு இருக்கு. இவன் காலேதான்!”

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். இன்னும் ஈரமாயிருந்த பாதத்தைக் காய்ந்த இடத்தில் நன்றாக ஊன்றி எடுத்தாள்.

அதே வளைவு.

அம்மாவின் கையிலிருந்து மாப்பு விழுந்தது.

மகளின் தட்டைப் பாதங்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு வாரம் போட்டிருந்த மாவுக்கட்டை முந்தின நாள்தான் பிரித்திருந்தார்கள். “காலைத் தூக்கி வச்சிருந்தா வளைவு எப்பவும் தெரியும். ஊன்றி நிக்கும்போதும் தெரிஞ்சாதான் ஜெயிச்சோம்,” என்றிருந்தார் டாக்டர். மகளை ஊன்றச் சொல்லிப் பார்க்க அம்மாவுக்குத்தான் துணிவு வரவில்லை.

“இப்ப துடைக்கட்டுமாம்மா?” என்றான் மகன்.

“தொட்டே, தொலைச்சுடுவேன்! காயுறதுக்குள்ள அப்பாவைக் கூப்பிடு. அப்புறம் போய் ரெண்டு மேட்ச் ஆடு.”

அம்மா ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து மகளின் இரு பாதங்களிலும் ஊற்றினாள்.

“என் கையைப் பிடிச்சுக்கோ. வீடு பூரா நடடி, ராஜாத்தி!”