ஐஸ் பெட்டியில் பொட்டுக்கெண்டை

மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, ஒரு சாண் நீளத்தில் கிடந்தது. வாலடியில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்புப் பொட்டு.

பொட்டுக்கெண்டை.

பெண்.

மூன்று வருஷமாக ஆறு, ஓடை, அணை என்று அவள் அலைந்தது இந்த ஒன்றுக்காகத்தான்.

“அதானம்மா?”

ஆய்வுக்கூட வாசலில் நின்றபடி மந்திரம் கேட்டார். அணையில் நாற்பது வருஷமாக வலை போடுகிறவர். மூன்று பஸ் மாறி வந்த வேர்வை சட்டையில் இன்னும் காயவில்லை.

“அதுதான் அண்ணாச்சி.”

அவருக்கு முகமெல்லாம் பல்.

“வலையில என்னா துள்ளு துள்ளிச்சுங்கிய! பிடிச்ச கையோட ஐஸுக்கு ஓடுனேன். கூல்டிரிங்ஸ் கடைக்காரன் கேக்கான், ‘எந்த வீட்டுப் பொணத்துக்குவே இம்புட்டு ஐஸு’ன்னு. ‘போலே, எங்க டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு’ன்னு அதட்டி வாங்கியாந்தேன். உள்ள போட்ட பொறவும் கொஞ்ச நேரம் வாயத் தொறந்து தொறந்து மூடிச்சு. பாவம்.”

அவள் குனிந்து மீனின் வாயைப் பார்த்தாள்.

“அணைக் கொட்டகைச் சுவத்துல நீங்க ஒட்டுன தாளு அப்படியே இருக்கும்மா. எழுத்துக்கூட்டிப் படிச்சுப் படிச்சு மனப்பாடம் ஆயிட்டுது. ‘கிடைத்ததும் உடனே ஐஸில் போடவும்.’ சரிதானே?”

சரிதான்.

அவள் கையெழுத்துதான். ஏழு வருஷத்துக்கு முந்தியது. அன்று அவளுக்கு வேண்டியிருந்தது மீனின் காதுக்கல். அதில் வளையங்களை எண்ணினால் மீனின் வயது தெரியும். அதற்குச் செத்த மீன் போதும்.

அப்புறம் பொட்டுக்கெண்டையே அரிதாகிப் போனது. காதுக்கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய? குஞ்சு வேண்டும் என்று ஆனது. ஓர் ஓடையில் ஓர் ஆண் மீன் அவள் கைவலையிலேயே சிக்கியது. உயிரோடு. அதற்கு ஜோடியாக உயிருள்ள ஒரு பெண் மீன் கிடைத்தால் போதும். தொட்டியிலேயே பெருக்கி, ஆற்றில் விட்டுவிடலாம்.

புதுத் தொட்டி வாங்கினாள். அடியில் ஆற்றுக் கூழாங்கல் பரப்பினாள். ஓடைபோலத் தண்ணீர் ஓட மோட்டார் வைத்தாள்.

கொட்டகைச் சுவரில் இருந்த தாளை மட்டும் கிழிக்கவில்லை.

நினைப்பே வரவில்லை.

மீனைக் கையில் எடுத்தாள். வயிறு உப்பியிருந்தது. கட்டைவிரலால் மெல்ல நீவினாள். முட்டைகள் உள்ளங்கையில் வழிந்தன.

உயிருள்ள முட்டை, வெந்த ஜவ்வரிசி மாதிரி ஊடுருவித் தெரியும்.

இவை வேகாத ஜவ்வரிசி.

அத்தனையும் வெள்ளை.

இன்னொரு முறை நீவினாள். இன்னொரு முறை.

“சினை மீனு! நம்ம அதிர்ஷ்டத்தப் பாத்தியளா?” என்றார் மந்திரம். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். “குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குமாம்மா?”

உள்ளே வர ஒரு காலை எடுத்து வைத்தார்.

மீனைப் பெட்டியில் போட்டுவிட்டு அவள் ஓடினாள்.

மூலையில் இருந்தது அந்தத் தொட்டி. போன வாரம் மழை தொடங்கியதிலிருந்து உள்ளிருந்த ஆண் மீனின் மூக்கில் வெள்ளை வெள்ளையாகச் சிறு முத்துகள் கிளம்பியிருந்தன. ஜோடி தேடும் பருவத்து அடையாளம். அவளைக் கண்டதும் கண்ணாடியோரம் வந்து நின்றது.

மேசையில் கிடந்த போர்வையை உதறி, தொட்டியை முழுக்க மூடினாள்.

அவர் உள்ளே வந்தபோது, செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

அண்ணாந்து குடித்தார். வாயைத் துண்டால் துடைத்தார். கேட்கலாமா கூடாதா என்று சின்னப் பையனைப்போலத் தயங்கிவிட்டுக் கேட்டார்.

“நல்லாப் பண்ணியிருக்கனாம்மா?”

“ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க அண்ணாச்சி.”

குரல் உடையவில்லை. அதுவரைக்கும் தப்பித்தாள்.

“இது என்னம்மா, மூடி வச்சிருக்கிய?”

“ஒண்ணுமில்லை. வெறும் தண்ணி.”

போர்வைக்குள்ளிருந்து ‘சளக்’கென்று ஒரு சத்தம்.

மீன் வாலால் அடிக்கும் சத்தம். மந்திரத்துக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் போர்வையைப் பார்த்தார். ஐஸ் பெட்டியைப் பார்த்தார். அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளை முட்டைகளைப் பார்த்தார்.



செம்பை ஓசையில்லாமல் மேசையில் வைத்தார். வாசலுக்குப் போய், செருப்பை மாட்டக் குனிந்தார்.

வெகுநேரம் நிமிரவேயில்லை.