ஒரு எழுத்துதானே!

பேனரைப் பார்த்ததும் சுனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைசூரில் எனர்ஜி சிஸ்டம்ஸ் படிக்கிறாள். சோலார் பாடத்தில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். பண்டிகை லீவுக்குச் சொந்த ஊரான கோரமண்டல் தங்கச் சுரங்கக் குடியிருப்புக்கு வந்தவளை அங்குள்ள பிள்ளையார் விழாக் கமிட்டி மேடையேற்றிப் பாராட்டப் போகிறது. தெருமுனையில் அவள் படத்தோடு பெரிய பேனர்.

‘கோலார் படிப்பில் முதலிடம் பெற்ற எங்கள் சுனிதா!’

“ரூபேஷ் அண்ணா, கோலார்னு யார் சொன்னது?”

கமிட்டிச் செயலாளர் ரூபேஷ் தலையைச் சொறிந்தான். “உங்கம்மாதான். திருப்பித் திருப்பிக் கேட்டேன்மா. கோலாருதான்னு அடிச்சுச் சொன்னாங்க.”

வேறு யாராக இருக்க முடியும்! விடுவிடுவென்று வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா ரத்தினம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, நான் படிக்கிறது சோலார். படிக்கிற ஊரு மைசூரு. எத்தினி வாட்டி சொல்றது?”

“மைசூருன்னா இங்க பக்கத்துல இருக்கற மைசூர் மைன்ஸ் சுரங்கம்னு நெனச்சுக்கறாங்க. சோலாரு, கோலாரு... இன்னா இப்போ? ஒரு எழுத்துதானே?”

“அந்த ஒரு எழுத்துக்குத்தான்மா ராப்பகலா கண்ணு முழிச்சுப் படிச்சேன்!”

“கத்தாதடி. களி கட்டி தட்டிடும்.”

இந்த அம்மாவைத் திருத்தவே முடியாது. மைசூரிலிருந்து கிளாஸ்மேட் ஜூடித் வேறு விழாவுக்கு வருகிறாள். மானம் கப்பலேறப் போகிறது.

வெள்ளைத் தாளில் ‘சோ’ என்று கொட்டையாக எழுதி வெட்டினாள். கோந்தும் ஸ்டூலுமாகப் பேனருக்குப் போனாள். அவள் ஏறும்போது பக்கத்து வீட்டு ராதா ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்தும்மா, ஆடுது.”

“பாருங்க ஆன்ட்டி, சோலாருங்கற வார்த்தை எங்கம்மா வாயில நுழையவே மாட்டேங்குது.”

ராதா சிரித்தாள். “யாரு சொன்னது? உனுக்கு சீட் கெடச்சப்போ நம்ம லைன் வீடு பூரா ஸ்வீட் குடுத்துச்சே ரத்தினம்மாக்கா! மைசூரு, சோலாரு எல்லாம் அதுக்குத் தண்ணி பட்ட பாடு.”

“அப்புறம் என்ன ஆச்சாம்?”

ராதா ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“எம் பையன் உதய்க்கு வேற எங்கியும் சீட் கெடைக்கல. இங்க பக்கத்துல, கோலார்லதான் கெடச்சுது. ‘அவ்ளோதானா?’ன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. தெருவுல தல காட்டவே கூச்சமா இருந்துச்சு. நீ ஒட்டிக்கோம்மா, அது உன் படிப்பு. அக்காவ மட்டும் திட்டாத.”

ராதா கீழிருந்தே அண்ணாந்து பார்த்தாள்.

“அன்னியிலருந்துதான்மா, ‘எம் பொண்ணும் கோலாருதான்’னு அக்காவுக்கு நாக்கு குழறுது.”