ஏழாவது கொழுக்கட்டை

“இவளுக்கெல்லாம் நல்ல சாவே வராது, பாத்துக்கிட்டே இரு” என்றாள் லொரெய்ன், கல்லாவில் இருந்தவளைக் கண்ணால் காட்டி.

அவள் புருஷன் ஏர்ல் நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோயின் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு வந்துவிட்டால் அவனுக்கு ஒரு தட்டு வறுத்த சோறு போதும். உலகமே தேவையில்லை.

பக்கத்து மேசையில் கிழவர் மோய் உட்கார்ந்திருந்தார். ஆயுசு பூரா அந்தக் கடை அடுப்பில் வெந்த மனுஷன். அமெரிக்காவின் டொலிடோ ஊரில் அந்தத் தெருக்காரர்கள் பாதிப்பேர் அவர் கைச் சமையலில் வளர்ந்தவர்கள். இப்போது அவர் முன்னால் ஒரு கிண்ணம் தண்ணிக் கஞ்சி. அதில் உப்புகூடக் கிடையாது.

கிழவரின் கை மெல்ல சோயா சாஸ் பாட்டில் பக்கம் போனது. கல்லாவிலிருந்து வந்த அவர் பெண்டாட்டி மோய் அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“நாக்கைப் பாரு, முழ நீளத்துக்கு. பேசாம கஞ்சியைக் குடி, கிழவா.”

அதையும் சீன மொழியில் சொல்லவில்லை. கடையில் எல்லோருக்கும் புரியும்படி இங்கிலீஷில் சொன்னாள்.

“கேட்டியா? கட்டின புருஷன்கிட்ட பேசற பேச்சா இது?” லொரெய்னுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“உடம்புக்கு ஏதாவது இருக்கும். நமக்கெதுக்கு?”

“உடம்புக்கு என்ன? மூஞ்சியைப் பாரு, பொம்முன்னு இருக்கு. எல்லாம் கஞ்சத்தனம். முன்னெல்லாம் சமையல்கட்டுக் கதவோரம், அவங்க வீட்டு மேசைலதானே உக்காந்து பட்டாணிக்காய்க்கு நார் உரிப்பார்? பனி விழ ஆரம்பிச்சதும் இங்க கொண்டாந்து போட்டிருக்கா. நாம திங்கறதைப் பாத்து அந்த மனுஷன் ஏங்கணும். வேற என்ன?”

அதற்குள் கொழுக்கட்டைத் தட்டு வந்தது. பன்றிக்கறி வைத்து, அடிப்பக்கம் மட்டும் முறுகவிட்டது. மோய் அம்மாவே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

“இன்னிக்கும் ஏழு. மெனுவுல ஆறுன்னு போட்டிருக்கு. புருஷனுக்குக் கஞ்சி ஊத்தறவளுக்கு எண்ணக்கூடத் தெரியல.”

“ஒண்ணு கூட இருக்குன்னு குறை சொன்ன முதல் ஆள் நீதான்டி. தின்னு.”

கல்லாவில் ஃபோன் அடித்தது. மோய் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஆர்டர் எடுக்க ஆரம்பித்தாள். எடுத்தாள், எடுத்தாள், திரும்பவே இல்லை.

லொரெய்ன் ஒரு கொழுக்கட்டையைச் சாஸில் முக்கியெடுத்து, சொட்டச் சொட்டக் கிழவரின் கிண்ணத்தில் போட்டாள்.

“சீக்கிரம் முழுங்குங்க. அவ பாத்துடப் போறா.”

கிழவர் சீக்கிரமெல்லாம் முழுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. சர்ச்சில்கூட லொரெய்னுக்கு மனசு அப்படி நிறைந்ததில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு வெள்ளிக்கிழமையும் இது தப்பவில்லை.

பனி உருகத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை கடை பூட்டிக் கிடந்தது. அடுத்த வாரம் திறந்திருந்தது. பக்கத்து மேசை நாற்காலி மட்டும் காலி.

“எங்க அவரைக் காணோம்?” என்று கேட்டாள் லொரெய்ன்.

“போயிட்டார்” என்றாள் மோய் அம்மா, தேநீர்க் கெண்டியை வைத்தபடி. “கிட்னி ரெண்டும் எப்பவோ போச்சு. மூச்சுப்பையில தண்ணி கோத்துக்கிச்சு. உப்பு, சாஸ், கறி எல்லாம் அவருக்கு விஷம்னு டாக்டர் சொல்லியிருந்தார்.”

சொல்லிவிட்டு அவள் கல்லாவுக்குப் போய்விட்டாள்.

அந்த உப்பின மூஞ்சி லொரெய்னுக்குக் கண்முன்னால் வந்து நின்றது. பொம்மென்று இருக்கிறது என்றாளே, அது சதை இல்லை, நீர்.

ஏர்ல் மேசைக்கடியில் அவள் முழங்காலை அழுத்தினான். “வாயைத் தொறக்காத. யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்து கல்லாவுக்குப் போனாள். மோய் அம்மா அங்கேயே உட்கார்ந்து மாவு வட்டங்களில் கறியை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“மிசஸ் மோய், நான் ஒண்ணு சொல்லணும். என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்தாலும் சரி. நீங்க ஃபோன் பேசறப்பல்லாம் நான் அவருக்குக் கொழுக்கட்டை குடுத்தேன். சாஸ்ல முக்கி. வாராவாரம். நீங்க அவரைப் பட்டினி போடறீங்கன்னு நினைச்சேன். நான்தான் அவரைக் கொன்னுட்டேன்.”

மோய் அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. ஓரத்தை மடித்து மடித்து அழுத்தினாள்.

“டாக்டர் கையை விரிச்சாச்சு. பத்தியம் இருந்தா கொஞ்ச நாள் கூடக் கிடப்பார்னார், அவ்வளவுதான். அவர் என்னைத் தூங்க விடமாட்டார். ‘ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டேனே, கஞ்சியோடவா என்னை அனுப்பறே’ன்னு அழுவார்.”

“அப்ப நீங்களே ஒண்ணு…”

“நானா?” மோய் அம்மா முதல்முறையாக நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. “என் கையால குடுத்து அவர் போயிட்டா, அப்புறம் இந்தக் கையால நான் எப்படி மாவு பிசையறது?”



மோய் அம்மா அடுத்த வட்டத்தை எடுத்தாள்.

“அதான் இரக்கப்படற ஆளாப் பாத்துப் பக்கத்துல அவரை உக்கார வெச்சேன். எங்க கடைல என்னிக்கும் தட்டுக்கு ஆறுதான், லொரெய்ன். ஏழாவதை உனக்குன்னா வெச்சேன்?”