ரசமட்டத்தில் தெரிந்த நடை

பழையதாக வாங்கிய, இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஒருவழியாகப் பின்னறையின் பலகைத் தரையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் வெயில் அதன் எண்ணெய் மினுக்கும் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் மண்டியிட்டு, மேசைமேல் வைத்த ரசமட்டத்தைப் பார்த்தபடியே மெஷினின் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகுகிறார். குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நிற்கிறது. அவர் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் நகர்கிறது. கதவருகே அவர் மனைவி, கையில் டீயோடு. "யானைய வாங்கியாச்சு. இனி கட்டித் தீனி போட வேண்டியதுதான்." "கொஞ்சம் அப்படியே நில்லு. நீ நடந்தா மட்டம் ஆடுது." அவள் நிற்கிறாள்; குமிழியும் நிற்கிறது. "சரி, வா." இடது காலை வைக்கும்போது குமிழி கோட்டைத் தாண்டி ஓடுகிறது. வலது காலை வைக்கும்போது அது லேசாக நடுங்குவதோடு சரி. மறுபடி இடது, மறுபடி வலது. நீட்டிய டீயை வாங்காமல் அவர் குமிழியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்னங்க, இன்னும் சரியா வரலையா?" "மெஷின் சரியாத்தான் இருக்கு." எழுந்து, பக்கத்தில் கிடந்த ஸ்டூலை அவள் பக்கம் தள்ளுகிறார். "உக்காரு. வலது முட்டி எத்தனை நாளா வலிக்குது?" அவள், கோள் சொன்ன ஆளைப் பார்ப்பதுபோல் ரசமட்டத்தை முறைக்கிறாள்.