முன்னால் நின்ற பூஜ்யம்

"வாசல்ல நிக்கிற பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க சார்."

மேலாளரின் காபிக் கோப்பை உதட்டருகே நின்றது. லீவு கேள், சம்பள உயர்வு கேள், ஆனால் அந்த மனுஷனை மன்னிப்புக் கேட்கச் சொல்லி மட்டும் வாயைத் திறந்துவிடாதே என்று டீம் லீடர் அக்கா, எதிரே நின்றவளை வேலையில் சேர்ந்த முதல் நாளே எச்சரித்திருந்தாள்.

"யார்கிட்ட? வேலைக்கான பரிட்சையே எழுதாம, எழுதினேன் எழுதினேன்னு மூணு மாசமா செக்யூரிட்டி உயிரை வாங்கறாளே, அவகிட்டயா?"

"எழுதியிருக்கா சார். நம்ம புரோகிராம்தான் முழுங்கிடுச்சு."

"ஆரம்பிச்சுட்டியா? ஆபீசே உன்னை மிளகாய்னு கூப்பிடறது சரிதான்."

அவள் உட்காரவில்லை. "ரெண்டாவது சென்டர்ல எழுதினவங்க நம்பருக்கு மட்டும் முன்னால ஒரு பூஜ்யம் போட்டோம். அவ நம்பர் பூஜ்யம் நாலு ஒண்ணு ஏழு. மார்க்கை ஒரு புரோகிராம்லேருந்து இன்னொண்ணுக்கு அனுப்பறப்போ, இந்த நம்பர் எழுத்தா எண்ணான்னு நாம சொல்லல. சொல்லலைன்னா அதுவா ஒரு முடிவுக்கு வந்துடும். எண்ணுன்னு நினைச்சு, பூஜ்யத்தைத் தூக்கி எறிஞ்சிடுச்சு."

"எறியட்டுமே! முன்னால வர்ற பூஜ்யத்துக்கு மதிப்பே கிடையாதும்மா. ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்."

"அதேதான் சார் புரோகிராமும் நினைச்சது. அது மெஷின். உங்களுக்கு என்ன கேடு?"

கோப்பை மேசையில் இடித்தது. "வாயை அடக்கு!"

"பூஜ்யத்தோட தேடினா அவ நம்பரே இல்ல. பரிட்சைக்கு வரலைன்னு பதில் அனுப்பிட்டோம். கேக்க வந்தவளை, நாலு பேர் பாக்கப் பொய்க்காரின்னு சொன்னீங்க."

"சரி, அவ மார்க் எங்க போச்சு? காத்துல கரைஞ்சுதா?"

"பூஜ்யம் இல்லாத நாலு ஒண்ணு ஏழு மேல போய் உக்காந்துடுச்சு. அந்த ஆளோட சொந்த மார்க் அழிஞ்சுபோச்சு. இவ மார்க்ல அந்த ஆளுக்கு வேலையும் கிடைச்சாச்சு."

மேலாளர் குரலை இறக்கினார். "பாரும்மா. இப்போ இதைக் கிளறினா, வேலையில இருக்கிற அந்த ஜீவனைத் தூக்கணும். ஒருத்தர் வயித்துல அடிக்கணுமா? உங்க வீட்டுல நீதான் முதல் பட்டதாரி. அப்பா மூட்டை தூக்கிப் படிக்க வச்சார்னு நீயே சொல்லியிருக்க. அந்தப் பரிட்சையில அத்தனை பேரையும் முந்தி வந்தவ நீ. அந்த மார்க்குக்கு ஏத்த மாதிரி நடந்துக்கோ. ஊர் வம்பு உனக்கெதுக்கு?"

"அந்த மார்க்கைப் பத்திப் பேசாதீங்க!"

அவள் கத்தியதில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலைந்து தலைகள் திரும்பின.

"ஏன் இந்தக் குதி குதிக்கற? யாரு அந்த ஆளு? பேரைச் சொல்லு, நானே கூப்பிட்டு விசாரிக்கறேன்."

"நடந்ததை அப்படியே எழுதி, இந்த ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாலயே எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன். கடைசி வரியில ராஜினாமாவும் இருக்கு. படிச்சுக்குங்க."

"ராஜினாமாவா? யாரோடது?"

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் எறிந்துவிட்டு நடந்தாள். கதவைத் தள்ளியபடியே திரும்பினாள்.

"பூஜ்யம் இல்லாத நாலு ஒண்ணு ஏழு நான்தான் சார். நான் நிஜமா எவ்வளவு மார்க் எடுத்தேன்னு உங்க புரோகிராம் எனக்குக்கூட மிச்சம் வைக்கல."