நடுவில் வரும் பிடில்

பாட்டு முடிந்துவிட்டது.

அடுப்படியில் கையில் கரண்டியோடு அவள் நிமிர்ந்தாள். இவ்வளவு சீக்கிரம் முடிகிற பாட்டு இல்லையே அது.

அந்தப் பாட்டு தொடங்கும்போது உலை வைத்தால், முடிவதற்குள் சோற்றை வடித்துவிடலாம். இத்தனை வருட அனுபவம். இன்றைக்கு அரிசியே இன்னும் போடவில்லை.

எட்டிப் பார்த்தாள். கூடத்தில் அவர் சக்கர நாற்காலியில் அசையாமல் இருந்தார். சிடி பிளேயரில் அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது.

அந்தப் புது சிடி மகள் ஜெசிந்தா பெங்களூரிலிருந்து அனுப்பியது. "அப்பாவுக்குப் பிடிச்சதெல்லாம் ஒண்ணா சேத்துப் போட்டிருக்காங்கம்மா" என்று போனில் சொன்னாள்.

இங்கிலாந்துக்காரர்கள் ஐந்து பேர். நாற்பது வருடம் பாடியதிலிருந்து பொறுக்கியெடுத்து மூன்று இசைத்தட்டுகளில் அடக்கியிருந்தார்கள். அட்டையின் முன்பக்கம் ஐவருக்கும் தோள்வரை முடி. பின்பக்கம் மூன்று வழுக்கை.

தங்கள் ஊர் நாட்டுப்பாடல்களை எடுத்து, எலக்ட்ரிக் கிடாரைச் சேர்த்து, விடியும்வரை இழுக்கிற கூட்டம். அவளைக் கேட்டால், வாடகை கொடுக்காமல் அவள் வீட்டில் குடியிருந்தவர்கள்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் அந்த ஒரு பாட்டைத்தான் போடுவார். அது ஓடும்போது மிக்ஸி போடக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. அதனால்தான் இந்த வீட்டில் சோற்றை இன்னும் வடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது.

வலது கை போனது. பேச்சும் போனது. ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது.

சரி.

சாப்பிடலாமா? சரி. விளக்கை அணைக்கட்டுமா? சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் குடை படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாலும் சரி.

சட்னியில் ஒரு கல் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிடுகிற மனிதர்.

"கொடுத்து வச்சவ நீ. உன் வீட்டுக்காரர் இப்பத்தான் தங்கமா இருக்காரு" என்றாள் எதிர்வீட்டு லூர்து அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் வேண்டுமென்றே உப்பே போடாமல் குழம்பு வைத்தாள். பிசைந்து ஊட்டிவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார்.

கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதாள். பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சு வராவிட்டால் போகிறது. உள்ளே அவர் இருக்கிறாரா, இல்லையா? அதைத்தான் யாரும் சொல்லவில்லை.

இப்போது அவருடைய இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

மாதாவே, இன்னொரு தடவையா? கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"என்னங்க? என்ன செய்யுது? நெஞ்சு வலிக்குதா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. சிடி பிளேயரையே முறைத்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது.

"தி..."

அவள் குனிந்தாள்.

"தி... திருட்டுப் பசங்க."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பிடில் எங்க? நடுவுல... பிடில்... வெட்டிட்டானுங்க!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கடலுக்குப் போனவன் திரும்பி வராத கதை அந்தப் பாட்டு. நடுவில் கிடாரும் மத்தளமும் அடங்கிவிடும். ஒரு பிடில் மட்டும் தனியாக, வெகுநேரம், யாரையோ தேடிக்கொண்டு போகும். அந்த இடத்தைத்தான் காணோம்.

நாற்பது வருடத்தை மூன்று தட்டுக்குள் அடைக்க வேண்டுமே. யாரோ ஒரு புண்ணியவான் கத்திரியை வைத்துவிட்டான்.

அவன் நன்றாக இருக்க வேண்டும். அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வரட்டும் என்று விட்டுவிட்டாள். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

அவர் தலை நாற்காலியில் சாய்ந்தது. முகத்தின் சிவப்பு வடியத் தொடங்கியது. வாய் மறுபடி மூடிக்கொள்ளப் பார்த்தது.

விடக் கூடாது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இதுவே நல்லாத்தான் இருக்கு" என்றாள். "சட்டுன்னு முடிஞ்சுது. அந்தப் பிடில் என்னத்துக்கு, ஒரே இழுவை."

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

அவளை மேலும் கீழும் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பில் ஆறு பேரை வேலையைப் போட்டுவிட்டு ஓட வைத்த பார்வை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பார்வை.

"உனக்கு... என்னடி... தெரியும்?"

அவள் அவர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் தெரியாது" என்றாள். "சொல்லுங்க."