அனைவருக்குமான மைதானம்

"வீல்சேர்ல ஒருத்தர்கூடவா வரலை?"

அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நல்லா பார்த்துட்டேன் மாமா. பொம்பளைங்க வந்திருக்காங்க, பெருசுங்க வந்திருக்காங்க, பந்து விளையாடற பசங்க வந்திருக்காங்க. அது ஒண்ணுதான் குறையுது" என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி. எந்த வேலையும் இரண்டு மாதம் தாண்டாததால், அக்கா சிபாரிசில் அதிகாரியின் அலுவலகத்திலேயே ஒட்டிக்கொண்டவன்.

"திட்டத்துக்குப் பேரே 'அனைவருக்குமான விளையாட்டு மைதானம்'. எல்லாரையும் கேட்டுத்தான் செஞ்சோம்னு மேலிடத்துக்கு போட்டோ போகணும். அதுல ஒரு வீல்சேர் தெரியலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. என் புரமோஷனும் அதோட கோவிந்தா!"

"ஆக மொத்தம், போட்டோவுல வீல்சேர் தெரியணும். அவ்வளவுதானே?" மைத்துனன் படியிறங்கி ஓடினான்.

கூட்டம் இரண்டாவது மாடியில். கீழ்க்கூடத்தில் உடைந்த மேசைகள் குடியிருந்தன. லிப்ட் கதவில் 'பழுது' என்று ஒட்டியிருந்த அட்டையே பழசாகிப் பழுத்திருந்தது.

சற்றைக்கெல்லாம் மைத்துனன் ஒரு சக்கர நாற்காலியைத் தோளில் சுமந்து, மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். பளபளவென்று இருந்தது.

"எங்க மாப்ளே பிடிச்சே?"

"அப்பத்தைத் தின்னுங்க மாமா, குழியை எண்ணாதீங்க."

"சரி, இதுல யாரு உக்கார்றது?"

கேட்டுவிட்டு அதிகாரி அவனையே மேலும் கீழும் பார்த்தார். ஒரு நிமிடத்தில் மைத்துனன் முழங்காலில் போர்வையும் முகத்தில் சோகமுமாக முன்வரிசையில் இருந்தான். இவர் எப்படி இரண்டு மாடி ஏறி வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள்.

பேச்சு தொடங்கியது. வரைபடத்தில் வாசலை ஒட்டி ஒரு சாய்வுப் பாதை இருந்தது. நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் அதன்மேல் விரலை வைத்தார்.

"இது எதுக்குங்க? நானும் வருஷக்கணக்கா அந்த மைதானத்துல நடக்கறேன். ஒரு வீல்சேர் உள்ள வந்து பார்த்ததில்லை. வராதவங்களுக்கு எதுக்கு வழி? பைக் நிறுத்த இடம் விடுங்க, புண்ணியமாப் போகும்."

"வாசல்ல அஞ்சு படி இருக்கே, எப்படி வருவாங்க?" என்றாள் பின்வரிசையில் ஒரு பெண்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன், வர்றதில்லைன்னு!"

பலத்த கைதட்டல். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டீயும் பிஸ்கட்டும் வந்துவிட்டன.

வந்த வேகத்தில், மைத்துனன் நாற்காலியை விட்டு எழுந்து நாலடி நடந்து தட்டிலிருந்து ஐந்தாறு பிஸ்கட்டை அள்ளினான். அதிகாரிக்கு உயிரே போய்விட்டது.

"என்ன தம்பி, எழுந்து நடக்கறீங்க?" என்றார் தலைவர்.

"பசி வந்தா மட்டும் நடை வருங்க. டாக்டருக்கே புரியலை" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி போய் உட்கார்ந்து கொண்டான். தலைவர் 'அடப் பாவமே' என்று உச்சுக் கொட்டி இன்னும் இரண்டு பிஸ்கட்டை நீட்டினார்.

இனி கூட்டத்தை இழுத்தால் ஆபத்து. அதிகாரி எழுந்தார்.

"நாம ஆளாளுக்குப் பேசறதைவிட, சம்பந்தப்பட்டவரையே கேட்டுடுவோம். அதுதான் ஜனநாயகம். தம்பி, சாய்வுப் பாதை வேணுமா, பைக் நிறுத்த இடம் வேணுமா?"

மைக் கைக்கு வந்ததும் மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சபை அவன் பேச்சுக்காகக் காத்திருந்தது.

"எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. எனக்காக யாரும் கஷ்டப்பட வேணாம். பைக்கே நிறுத்திக்கோங்க."

"என்ன மனசு! என்ன மனசு!" தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'மாற்றுத்திறனாளிகளின் முழுச் சம்மதத்துடன் சாய்வுப் பாதை கைவிடப்படுகிறது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பின்வரிசைப் பெண் மட்டும் கையைத் தூக்கவில்லை. அதனால் என்ன, ஏகமனதுக்கு ஒரு கை குறைந்தால் குடியா முழுகிவிடும்?

மீந்த பிஸ்கட்டுக்கு மைத்துனனைக் காவல் வைத்துவிட்டு, அதிகாரி சீட்டியடித்தபடி படியிறங்கினார். பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

மாடிப்படிக்கு அடியில், வாட்ச்மேனின் ஸ்டூலில் ஒரு பெண் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சார், மைதானம் பத்தின கூட்டம் தொடங்கிடுச்சா?"

"முடிஞ்சே போச்சும்மா." அதிகாரிக்குக் கோபம் வந்தது. "இதான் நம்ம ஜனங்க! ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டா, கீழேயே சாவகாசமா உக்கார்ந்திருப்பீங்க. நாளைக்கு எங்களை யாருமே கேக்கலைன்னு புகார் சொல்வீங்க. ரெண்டு மாடி ஏறி வர்றதுக்கு என்ன வந்தது உங்களுக்கு?"

"வந்தவங்கள்ல நான்தான் சார் முதல் ஆளு. ஒருத்தரு ஓடி வந்து, 'வீல்சேரை முதல்ல மேல வச்சுட்டு வந்து உங்களைத் தூக்கிட்டுப் போறேன்'னு சொல்லி, என்னை இங்க இறக்கி விட்டுட்டுப் போனாரு. கொஞ்சம் அவரை வரச் சொல்றீங்களா?"